பெயர் சுட்டிய அகம்: ஜேட் கூடியின் வாழ்வும் வருவாயும்

1. தோற்றுவாய்

தம் வாழ்வையே தொலைக்காட்சியிற் காட்சிப் பொருளாக்கிப் பொருள் ஈட்டிய ஆங்கிலப் பெண் ஒருவரின் வரலாறு தமிழாராய்ச்சி இதழில் இடம் பெறுதற்கு உரியதோ என்னும் ஐயம் அன்பர் சிலர்க்கு எழுதல் கூடும். அவ்வையம் இயல்பானதே. ஆயினும், மக்கள் வாழ்வை எடுத்துரைக்கும் எதுவாயினும், அவ்வெடுத்துரைப்பின் முறையும் நோக்கமும் பயனும் ஆராயப்படுதல் திறனாய்வின் எல்லைக்கு உட்பட்டதேயாம். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட காட்சிவகை 1999 ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டில் 'பிக் பிரதர்' என்னும் பெயரால் தோன்றியது. 2000 இல் பிரித்தானியாவுக்கும், 2006 இல் 'பிக் பாஸ்' என்னும் பெயர்கொண்டு இந்திக்கும், 2017 இல் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. நம் இல்லங்களிலும் நுழைந்துவிட்ட ஒன்றனை நம் ஆராய்ச்சி அறியாதது போல் இருத்தல் தகுமோ?

இவ்வகையினை மக்கள் 'ரியாலிட்டி ஷோ' என வழங்குவர். இக்கட்டுரையில் இதனை 'மெய்வாழ்வுக் காட்சி' என்று குறிப்போம். இக்காட்சிவகையால் உருவாகி, இதனாலேயே வாழ்ந்து, இதன் நடுவிலேயே மறைந்தவர் ஜேட் கூடி (1981–2009). அவர்தம் வாழ்வையும் வருவாயையும் வேறு வேறாக நோக்குவது இதுகாறும் எழுதினோர் பலரின் வழக்கம். வாழ்வை எழுதினோர் இரக்கமோ இகழ்ச்சியோ காட்டினர். வருவாயை எழுதினோர் தொகைகளை அடுக்கினர். இவ்விரண்டும் ஒரு பொருளின் இரு பக்கங்கள் என்பதும், ஒன்றனை விடுத்து மற்றொன்றனைப் பொருள்கொள்ள இயலாது என்பதும் நம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அகமும் பெயரும்

நம் பொருளிலக்கணம் இவ்வாராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் தருகின்றது. அன்பின் ஐந்திணையிற் கிளக்கப்படும் மாந்தர் எவர்க்கும் இயற்பெயர் சுட்டுதல் ஆகாது என்பதும், பெயர் சுட்டுதல் புறத்திணைக்கே பொருந்தும் என்பதும் தொல்காப்பியனார் வகுத்த மரபு. இம்மரபு எத்துணை உறுதியாகப் போற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை பற்றிய வழக்கே சான்று. தலைவியின் பிரிவுத் துயரை விரித்துரைக்கும் அப்பாட்டின்கண், பாண்டியர்க்குரிய அடையாளமாகிய வேம்பு சுட்டப்பட்டமையின், அதனைப் புறம் என்றே கொண்டார் நச்சினார்க்கினியர். பின்வந்த அறிஞருட் சிலர் அதனை அகம் என்றே கொள்வர். அவ்வழக்கைத் தீர்த்தல் ஈண்டு நம் வேலை அன்று. பெயர்கூடச் சொல்லாமல், பெயரை உணர்த்தும் ஓர் அடையாளம் மட்டுமே தோன்றினும், பாட்டின் பகுப்பே மாறிவிடும் என ஓர் உரையாசிரியர் கருதினார் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இவ்விதியின் கருத்து யாது? பெயர் சுட்டாத வழி, தலைவியின் துயர் எல்லார்க்கும் பொதுவாகின்றது. எவரும் அதனால் நாண வேண்டுவதில்லை. பெயர் சுட்டிய வழி, அஃது ஒருவர்க்கே உரிய செய்தியாகின்றது. ஊரார் வாய்க்கு இரையாகின்றது. ஊரார் பேச்சை 'அலர்' என்றனர் முன்னோர். அகப்பாட்டினுள் அலர் உண்டு. ஆனால் அப்பாட்டே அலராவதில்லை. பெயர் சுட்டாமை என்னும் வேலி இடையே நிற்பதே அதற்குக் காரணம்.

அகம் என்னும் சொல் ஒத்த அன்புடைய தலைவன் தலைவியரின் ஒழுக்கத்தைக் குறிப்பதன்றி, ஒருவரது தனிவாழ்வு முழுவதையும் குறிப்பதன்று. ஆதலின் ஈண்டு நாம் அச்சொல்லை ஒப்புமை அளவிலேயே எடுத்தாள்கின்றோம். அவ்வரையறையோடு நோக்குமிடத்து, மெய்வாழ்வுக் காட்சியின் இயல்பு தெளிவாகும். உண்டலும் உறங்கலும் ஊடலும் அழுகையும் ஆகிய அகவாழ்வைப் பெயர் சுட்டி, முகங்காட்டி, நாள்தோறும் பொதுவில் வைப்பது அது. அங்கு வேலி நீங்கிவிட்டது, காட்சியே அலராயிற்று. அலர்க்கு விலையும் ஏற்பட்டது.

3. 2002: பரிசு பெறாதவர் பெற்ற பொருள்

ஜேட் கூடி 1981 ஜூன் 5 அன்று பிறந்தவர். தென் லண்டனின் பெர்மாண்ட்சிப் பகுதியில் வளர்ந்தவர். தந்தை போதைப்பொருட்கு அடிமையாகிச் சிறையும் சென்றவர். தாய் விபத்தில் ஒரு கை செயலிழந்தவர். அத்தாயைப் பேணும் கடமை இளமையிலேயே மகள்மேல் விழுந்தது. பின்னர் அவர் பல் மருத்துவரிடம் உதவியாளராகப் பணி செய்தார்.

2002 மே மாதத்தில், சேனல் 4 நடத்திய 'பிக் பிரதர்' மூன்றாம் தொடரில் அவர் புகுந்தார். 64 நாள் நடந்த அத்தொடரின் முதற்பரிசு 70,000 பவுண்டு. அஃது அவர்க்குக் கிட்டவில்லை. நான்காம் இடமே கிட்டியது. பரிசு பெற்றவர் அந்நாட்டில் அத்தொடரை வென்ற முதற்பெண் ஆவார். எனினும், பின்வந்த ஆண்டுகளில் நாடு நினைவிற் கொண்ட பெயர் அவருடையதன்று, ஜேட் கூடியின் பெயரேயாம்.

இதற்குக் காரணம் யாது? அவரது அறியாமையே. தம் நாட்டின் ஒரு பகுதியாகிய கிழக்கு ஆங்கிலியாவின் பெயரையே பிழைபடச் சொல்லி, அஃது அயல்நாடோ என அவர் மயங்கினார். இத்தகைய சொற்கள் ஒவ்வொன்றும் நகைப்புக்குரியனவாக நாடெங்கும் பரவின. நாளிதழ்கள் அவரது உருவத்தைப் பழித்தன; பன்றி என்று எழுதவும் தயங்கவில்லை. அந்நாளில் அவர்க்கு வயது இருபதும் இருபத்தொன்றும்.

ஈண்டு ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவ்வேனிற்காலத்தில் விற்கப்பட்டது ஜேட் கூடியின் அறியாமை. விற்றவர் அவர் அல்லர். விளம்பர நேரத்தை விற்றது தொலைக்காட்சி நிறுவனம். படிகளை விற்றன நாளிதழ்கள். வாக்களிக்கும் தொலைபேசி அழைப்புகளாலும் வருவாய் வந்தது. அவ்விற்பனையை இழிவு என்று கண்டித்தோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் அதனை நகைச்சுவை என்றே கொண்டனர். இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

4. தெரிவு எவருடையது?

வாழ்வை எழுதுவோர் எவரும் அதனை முழுமையாக எழுதுவதில்லை, தெரிந்தெடுத்தே எழுதுவர். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. 1942 இல் அவர் மறைந்தமையின் முற்றுப்பெறாது நின்றது. அதனைப் படித்தோரும் இதழை விலைகொடுத்து வாங்கியே படித்தனர். அடுத்த வாரத்தை எதிர்நோக்கியே இருந்தனர். ஆதலின், வாழ்வு தொடராக வெளிவருதலும், அதனைப் பிறர் விலைக்கு வாங்குதலும் இழிவானவை என ஒருதலையாகக் கூறுதல் பொருந்தாது.

வேறுபாடு எங்கே உளதெனின், தெரிவின்கண் உளது. ஐயரவர்கள் எதனைச் சொல்லுவது, எதனை விடுவது, எவ்வரிசையில் வைப்பது என்பனவற்றைத் தாமே முடிவு செய்தார். ஜேட் கூடி வாழ்ந்த வீட்டிலோ, எண்ணற்ற ஒளிப்படக் கருவிகள் இரவும் பகலும் பதிவு செய்தன. அப்பதிவிலிருந்து மாலைதோறும் சிறு பகுதியைத் தொகுத்தவர் பிறர். அவர் ஓராயிரம் சொற்கள் பேசியிருப்பார். நாடு கேட்டவை தொகுப்போர் தெரிந்த சொற்களே. எனவே 'மெய்' என்னும் அடைமொழி ஈண்டு முழுப்பொருள் தருவதன்று. நிகழ்ந்தவை மெய்யே, நிகழ்ந்தவற்றின் வைப்புமுறை புனைவு. அப்புனைவுக்கு ஆசிரியர் உளர்; ஆனால் பழியும் புகழும் அவ்வாசிரியரைச் சேர்வதில்லை; காட்டப்பட்டவரையே சேர்கின்றன.

புறத்திணை மரபோடு ஒப்பிடின் இஃது இன்னும் விளங்கும். புறப்பாட்டில் பாடுவோர் புலவர், பாடப்படுவோர் வள்ளல், பரிசில் வள்ளலிடமிருந்து புலவர்க்குச் செல்லும். மெய்வாழ்வுக் காட்சியிலோ இம்முறை தலைகீழாயிற்று. பாடுவோர் தொகுப்போர்; பரிசில் தருவோர் காண்போரும் விளம்பரம் செய்வோரும்; பாடப்படுவோர் அப்பரிசிலில் தமக்கொரு பங்கை நாடி நிற்போர். பாட்டு வசையாயினும் பங்கு உண்டு. வசை வலிதாயின் பங்கும் பெரிதாகும். ஜேட் கூடியின் பொருளியல் வாழ்வு முழுவதும் இம்முறையிலிருந்தே விரிந்தது.

5. 2002–2006: வசையை முதலாக்கிய வாணிகம்

வீட்டை விட்டு வெளிவந்த பின்னர் ஜேட் கூடி மறைந்துவிடுவார் என்றே பலரும் எண்ணினர். அவ்வாறு நிகழவில்லை. இதழ்களுக்கு நேர்காணல், உடற்பயிற்சிக் குறுந்தட்டு, தம் வாழ்வு பற்றிய தனித் தொடர்கள் எனப் பல வழிகளில் அவர் பொருளீட்டினார். 2005 இல் ஓர் அழகு நிலையம் தொடங்கினார். அதனைத் தொடங்கும் முயற்சியே ஒரு தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. அந்நிலையத்திற்கு அவர் இட்ட பெயர் 'அக்லீஸ்'. அழகற்றோர் என்னும் பொருளைத் தருவது. 2006 இல் தன்வரலாறு வெளிவந்தது. அவ்வாண்டே 'ஷ்...' என்னும் நறுமணப் பொருள் அவர் பெயரால் விற்பனைக்கு வந்து, மிகுதியாக விற்கப்பட்டது.

அழகு நிலையத்தின் பெயர் நம் கருத்திற்குரியது. அழகற்றவர் என நாளிதழ்கள் எள்ளிய ஒருவர், அவ்வெள்ளற் சொல்லையே பெயர்ப்பலகையில் எழுதி வைத்தார். பிறர் விற்ற வசையைத் தாமே விற்கத் தொடங்கினார் என்பதே இதன் பொருள். இதனை அறியாமை என்றல் பொருந்துமோ? கல்வி குன்றியவர் என்பது உண்மை. ஆனால் தமக்கு எஞ்சியிருந்த ஒரே முதல் தம் பெயரும் அப்பெயரின்மேல் எழுந்த அலருமே என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நிலமும் இல்லை, தொழிற்கல்வியும் இல்லை, குலச்செல்வமும் இல்லை. வாழ்வு ஒன்றே கைம்முதல்.

ஆயின் இவ்வாணிகத்தின் இயல்பான குறை ஒன்று உண்டு. நிலத்தை உழுது விளைவை விற்பவன்பால் நிலம் எஞ்சி நிற்கும். வாழ்வை விற்பவரோ அடுத்த விற்பனைக்குப் புதிய நிகழ்ச்சி தேடவேண்டும். காதலும் மணமுறிவும் மகப்பேறும் நோயும் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வரவேண்டும். நிகழ்ச்சி இல்லாத அமைதியான வாழ்வுக்கு அச்சந்தையில் விலை இல்லை. இக்குறையே அவரை 2007 இல் மீண்டும் அவ்வீட்டிற்குள் செலுத்தியது என நாம் கருதுகின்றோம்.

6. 2007: குற்றமும் அதன் விலையும்

2007 ஜனவரியில், புகழ்பெற்றோர்க்கென நடத்தப்பட்ட 'பிக் பிரதர்' தொடரில், தாயோடும் காதலரோடும் ஜேட் கூடி புகுந்தார். அங்கிருந்தோருள் ஒருவர் இந்தித் திரைப்பட நடிகை ஷில்பா ஷெட்டி. 'மிஸ்டர் ரோமியோ' (1996) என்னும் தமிழ்ப்படத்திலும் நடித்தவர். ஜேட் கூடியும் வேறு இரு பெண்களும் அவரை இழித்துப் பேசினர். சமையலுக்குரிய சாற்றுக்கட்டி பற்றி எழுந்த சிறு பூசல் பெருஞ்சண்டையாயிற்று. அவர் பெயரோடு அப்பளத்தைச் சேர்த்து ஜேட் கூடி ஏளனம் செய்தார். இந்நிகழ்ச்சிகள் இனவெறுப்பின்பாற்பட்டவை என்னும் கண்டனம் இரு நாட்டிலும் எழுந்தது. ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பாகிய ஆஃப்காமுக்கு 44,500 அளவில் முறையீடுகள் சென்றன. பாட்னா நகரில் உருவப் பொம்மைகள் எரிக்கப்பட்டன. அப்போது இந்தியாவுக்கு வந்திருந்த பிரித்தானிய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் இதுபற்றி விடை கூற நேர்ந்தது.

ஜனவரி 19 அன்று, இருவருள் ஒருவரை வெளியேற்றும் வாக்கெடுப்பில், ஜேட் கூடிக்கு எதிராக 82 விழுக்காட்டு வாக்குகள் விழுந்தன. வழக்கமாகக் கூடும் மக்கள் திரளின்றி அவர் வெளியேறினார். தொடரை வென்றவர் ஷில்பா ஷெட்டி. தொடரின் விளம்பரப் புரவலராகிய கைப்பேசி விற்பனை நிறுவனம் தன் உடன்பாட்டை நிறுத்தி வைத்தது. ஜேட் கூடியின் நறுமணப் பொருளைக் கடைத்தொடர் ஒன்று விற்பனையினின்று நீக்கியது. அவ்வாண்டு மே மாதம் ஆஃப்காம், விதிகள் மீறப்பட்டன எனத் தீர்ப்பளித்து, தீர்ப்பின் சுருக்கத்தைத் திரையில் அறிவிக்குமாறு சேனல் 4 நிறுவனத்தைப் பணித்தது.

இக்குற்றத்தை நாம் மறைத்தலும் குறைத்தலும் வேண்டா. வறுமையில் வளர்ந்தார் என்பதும் கல்லாதவர் என்பதும் பிறரை இழித்தற்கு உரிமை தரா. தாம் 2002 இல் பட்ட இழிவை 2007 இல் இன்னொருவர்க்குத் தந்தார் என்பதே அவர் வாழ்வின் பெரும்பிழை. இதனை ஒப்புக்கொள்ளாத திறனாய்வு நடுநிலை உடையதாகாது.

எனினும், கணக்கையும் நோக்குதல் கடன். அப்பூசல் வலுத்த நாள்களிலேயே காண்போர் தொகை பெருகியது. இழித்துரையைப் பதிவு செய்தவரும், தொகுத்தவரும், ஒளிபரப்பியவரும் ஜேட் கூடி அல்லர். நிறுவனம் தீர்ப்பைத் திரையில் அறிவித்துவிட்டு மேலும் பல ஆண்டு அத்தொடரை நடத்தியது. அவர் பெயரோ ஒரு வாரத்துக்குள் விலையிழந்தது. குற்றத்தில் பங்குடையோர் பலர். இழப்பில் பெரும்பங்கு ஒருவர்க்கே. பெயர் சுட்டிய அகத்தின் இயல்பு இது: பெயர் எவருடையதோ அவரே முழுக்கடனையும் இறுத்தல் வேண்டும், தொகுத்தோர் பெயர் எவர் நாவிலும் இல்லை.

7. 2008–2009: இறுதி விற்பனை

2008 ஆகஸ்டில் இந்தி 'பிக் பாஸ்' இரண்டாம் தொடர் தொடங்கியது. அதனைத் தொகுத்து வழங்கியவர் ஷில்பா ஷெட்டி. அதில் பங்குகொள்ள வந்தவர்களுள் ஒருவர் ஜேட் கூடி. இழித்தவரும் இழிக்கப்பட்டவரும் ஒரே காட்சியில் மீண்டும் தோன்றினர். மன்னிப்பும் நிகழ்ச்சியாயிற்று என்று கூறின் மிகையாகாது. அவ்வீட்டினுள் இருந்தபோதே, தமக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் உளது என்பதைத் தொலைபேசி வாயிலாக அவர் அறிந்து, உடனே நாடு திரும்பினார்.

2009 பிப்ரவரியில், நோய் தீராது என்பது உறுதியாயிற்று. அவர்க்கு இளம் புதல்வர் இருவர். அவர்தம் கல்விக்கும் எதிர்காலத்திற்கும் பொருள் சேர்ப்பதே தம் நோக்கம் என அவர் வெளிப்படையாகவே கூறினார். எஞ்சிய நாள்களைப் படமெடுக்கும் உரிமையைத் தொலைக்காட்சிக்கு விற்றார். பிப்ரவரி 22 அன்று திருமணம் செய்துகொண்டார். அத்திருமணப் படங்களின் உரிமையை 'ஓகே!' இதழ் 7,00,000 பவுண்டு அளவில் பெற்றதாக அந்நாளைச் செய்தித்தாள்கள் எழுதின. மார்ச் 22 அன்று, தம் இருபத்தேழாம் வயதில் அவர் மறைந்தார். பிரித்தானியாவில் அந்நாள் அன்னையர் ஞாயிறு.

இறுதி வாரத்து நிகழ்ச்சி ஒன்றை இலக்கியம் பயில்வோர் சிறப்பாக நோக்குதல் வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே, 'ஓகே!' இதழ் அவர்க்கு நினைவுமலர் வெளியிட்டுக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது. பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் அதன் அட்டையில் அச்சாகியிருந்தன. நம் மரபில் கையறுநிலை இறப்பின் பின்னரே பாடப்பெறும். ஈண்டோ இரங்கற்பா இறப்பை முந்திக்கொண்டது. வாழ்வைப் பின்தொடர்ந்து எழுதுதல் நீங்கி, எழுதியதை வாழ்வு வந்து எய்துமாறு காத்திருத்தல் நேர்ந்தது. மெய்வாழ்வுக் காட்சி 'மெய்' என்னும் சொல்லை எவ்வளவில் மதித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

8. இருவகைத் தீர்ப்பும் மறுப்பும்

ஜேட் கூடியின் இறுதி விற்பனையைப் பற்றி இருவகைத் தீர்ப்பு வழங்கப்பட்டது. ஒரு சாரார், இறப்பையும் விலைகூறினார், இதனினும் இழிவு யாதுளது என்றனர். புகழ்பெற்ற தொலைக்காட்சி நேர்காணலர் மைக்கேல் பார்க்கின்சன், அவர் மறைந்த சின்னாளிலேயே, தற்காலப் பிரித்தானியாவின் சிறுமைகட்கெல்லாம் உருவானவர் அவர் என்னும் கருத்துப்பட எழுதினார். மற்றொரு சாரார், அவர் ஊடகங்களின் கையில் அகப்பட்ட ஏழை, தம் செயல் இன்னதென்று அறியாதவர் என்று இரங்கினர்.

இவ்விரண்டும் பொருந்தாமையைக் காட்டுவோம். முதற்சாரார் கூற்றை ஏற்பின், 2002 இல் நிகழ்ந்ததற்கு விடை கூறுதல் வேண்டும். அவ்வாண்டில் விற்கப்பட்டதும் இதே பெண்ணின் வாழ்வே, விற்றவர் நிறுவனத்தார். அன்று இழிவெனத் தோன்றாத விற்பனை, அவரே தம் வாழ்வுக்கு விலை குறித்து, அவ்விலை எவர்க்குச் செல்லவேண்டும் என்பதையும் தாமே வகுத்தபோது மட்டும் இழிவெனத் தோன்றியது ஏன்? பொருள் ஒன்றே; விற்பவர் மாறினார். ஏழை விற்பனைப் பொருளாய் இருக்குங்கால் நகைத்த உலகம், அவ்வேழை வணிகராய் எழுந்த வழி அறம் பேசிற்று. இத்தீர்ப்பு விற்பனையைக் கண்டித்ததன்று. விற்பவர் தகுதியையே கண்டித்தது என்பது வெளிப்படை.

இரண்டாம் சாரார் கூற்று இரக்கமுடையதாயினும் உண்மையன்று. இறுதி மாதங்களில் அவர் செய்தவை குறிக்கோளும் கணக்கும் உடையவை. எஞ்சிய காலம் சிறிது, பிள்ளைகள் சிறியர், தம் பெயர்க்கு அன்றிருந்த விலை பின்னர் இராது. இவற்றை எண்ணித் துணிந்த ஒருவரை அறியாதவர் என்றல், 2002 இல் நாளிதழ்கள் கூறியதையே இரக்கத்தோடு மீண்டும் கூறுதலாம்.

பணக்கணக்கில் அடங்காத பயன் ஒன்றும் விளைந்தது. அவர் நோயுற்ற செய்தி பரவிய 2008 நடுவிலிருந்து 2009 நடுவரையுள்ள காலத்தில், இங்கிலாந்தில் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வந்தோர் தொகை வழக்கத்தினும் ஏறத்தாழ 5,00,000 மிகுந்தது என்று 2012 இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று காட்டியது. அறிவுரைத் தாள்கள் செய்யாததைப் பெயர் சுட்டிய ஒரு வாழ்வு செய்தது. 'இந்நோய் ஒரு பெண்ணுக்கு வரும்' என்பது பொதுமை. 'இந்நோய் ஜேட்டுக்கு வந்தது' என்பது செய்தி. பெயர் சுட்டுதலால் இழிவே விளையும் எனக் கொள்ளுதற்கு இது தடையாதலை நாம் ஒப்புக்கொள்கின்றோம்.

9. நம் தீர்ப்பின் எல்லை

ஆயின், ஜேட் கூடி செய்த அனைத்தும் தக்கதே என்பது நம் முடிபோ எனின், அன்று. ஈண்டு ஒரு தடை எழுகின்றது. அஃது எளிதில் நீக்கத்தக்கதன்று.

ஒருவர் தம் அகவாழ்வை விற்றற்கு உரியவர் எனக் கொண்டாலும், அகவாழ்வு ஒருவர்க்கே உரியதன்று. தாயின் ஊனமும் தந்தையின் தீநெறியும் தன்வரலாற்றில் இடம் பெற்றன. தந்தை 2005 இல் இறந்தவர். 2006 இல் வெளிவந்த நூலில் தம்மைப் பற்றி எழுதப்பட்டதற்கு விடைகூற அவர் இலர். புதல்வர் இருவரோ, உடன்படவும் மறுக்கவும் அறியாப் பருவத்தினர். தாய் சேர்த்த பொருள் அவர்கட்காகவே என்பது உண்மை. அப்பொருளுக்கு ஈடாகத் தரப்பட்டவற்றுள் அவர்தம் இளமையும் ஒரு பகுதி என்பதும் உண்மை. எவர்க்காக விற்கப்பட்டதோ அவர்க்குரியதும் விற்கப்பட்டது. அகத்தில் பெயர் சுட்டலாகாது என வகுத்த நம் முன்னோர் இதனையும் கருதினர் போலும். ஒருவர் பெயரைச் சுட்டுங்கால் அவரோடு வாழ்ந்தோர் அனைவரும் சுட்டப்படுகின்றனர். தலைவி பெயர் வெளிப்படின், தாயும் தோழியும் மறைந்திருத்தல் ஒல்லாது.

ஆதலின், ஜேட் கூடியை நாம் பழிக்கவும் இல்லை. முற்றும் விடுவிக்கவும் இல்லை. தமக்குரியதை விற்றதில் அவரைக் குறைகூறுதற்கு இடம் சிறிது. பிறர்க்கும் உரியதை விற்றதில் இடம் உண்டு. ஆனால் அக்குறையிலும் அவர் தனியர் அல்லர், வாங்கியோர் உளர், அவருள் காண்போராகிய நாமும் அடங்குவோம்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான் பெறப்படுவன இவை. மெய்வாழ்வுக் காட்சி என்பது பெயர் சுட்டிய அகம். அதன்கண் நிகழ்ச்சி ஒருவருடையது, தொகுப்பு மற்றொருவருடையது, வருவாய் பலர்க்கும் செல்வது, பழி பெயருக்குரியவர்க்கே எஞ்சுவது. ஜேட் கூடியின் வாழ்வு முதலில் பிறரால் விற்கப்பட்டது. பின்னர் அவராலும் பிறராலும் கூடி விற்கப்பட்டது. இறுதியில் அவராலேயே, அவர் குறித்த பயனுக்காக, விற்கப்பட்டது. இம்மூன்றனுள் கடைசியே மிக்க கண்டனம் பெற்றது. அக்கண்டனம் அறத்தினும் பழகிய ஏற்றத்தாழ்வையே சார்ந்து நின்றது.

இவ்வகைக் காட்சிகளை ஆராயப் புகும் மாணவர்கள், காட்டப்பட்டவர் நல்லவரோ தீயவரோ என்னும் வினாவோடு நின்றுவிடுதல் கூடாது. தொகுத்தவர் எவர், பொருள் எவர்க்குச் சென்றது, பெயர் சுட்டப்படுதற்கு உடன்பட இயலாதோர் எவர் என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். தமிழில் நிகழும் காட்சிகட்கும் இவ்வினாக்கள் பொருந்தும். கணக்கை நீக்கி வாழ்வை மட்டும் படிப்போர், அவ்வாழ்வைத் தொகுத்து விற்றவர்தம் கூற்றையே தம் தீர்ப்பாகக் கொண்டவர் ஆவர்.